கட்டடக் கணக்கின் கதை



“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்த இரண்டையும் ஏன் ஒன்றாகச் சேர்த்தார்கள்? இரண்டிலும் தொடக்கத்தில் பேசப்படும் தொகை ஒன்று. முடிவில் கையை விட்டுப் போகும் தொகை வேறொன்று. கல்யாணமாவது நாளும் நேரமும் குறித்தபடி முடிந்துவிடும். வீடு அப்படியல்ல. பணம் தீர்ந்த இடத்தில் வேலை நின்றுவிட்டால், கூரையில்லாத சுவர் ஆண்டுக் கணக்கில் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வேலை இருக்கும் வரைதான் தோட்டத்து வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் விட்டுப் புறப்பட வேண்டும். அதனால்தான் நம்மவர்கள் பலர் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தையும், சீட்டுப் பணத்தையும், வீட்டுப் பெண்களின் நகையையும் ஒன்றுகூட்டிச் சொந்த வீட்டில் போடுகிறார்கள். முப்பது ஆண்டில் சேர்ந்த பணம் ஆறு மாதத்தில் செலவாகிறது. அந்த ஆறு மாதக் கணக்கு தவறினால் முப்பது ஆண்டு உழைப்பும் தவறிப்போகும்.

ஒரு கட்டடத்திற்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கண்டறிய மனிதன் எப்படிக் கற்றுக்கொண்டான்? அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் செல்வோம். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்ற கட்டடக் கலைஞர் வாழ்ந்தார். கட்டடக் கலையைப் பற்றிப் பத்துப் பாகங்கள் கொண்ட நூலொன்றை அவர் எழுதினார். எபேசஸ் என்ற கிரேக்க நகரில் முன்னோர் காலத்தில் இருந்ததாக ஒரு சட்டத்தை அதன் பத்தாம் பாகத்தில் அவர் குறிப்பிடுகிறார். அந்த நகரம் இருந்த இடம் இப்போது துருக்கி நாட்டில் இருக்கிறது.

சட்டம் இதுதான். பொதுக் கட்டடம் ஒன்றைக் கட்ட ஒப்புக்கொள்ளும் கலைஞர், அதற்கு என்ன செலவாகும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்ன கணக்கு அதிகாரியிடம் ஒப்படைக்கப்படும். வேலை முடியும் வரை கலைஞரின் சொத்து ஈடாக இருக்கும். சொன்ன தொகைக்குள் வேலை முடிந்தால் அவருக்குப் பாராட்டும் மரியாதையும் உண்டு. சொன்னதற்கு மேல் கால் பங்கு வரை கூடினால் அதை அரசுக் கருவூலம் ஏற்றுக்கொள்ளும். அவருக்குத் தண்டனை இல்லை. கால் பங்குக்கும் மேலே போனால், அந்த மிகுதியை அவருடைய சொத்திலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அதாவது ஆயிரம் காசு என்று சொன்னவர் ஆயிரத்து இருநூற்று ஐம்பது வரை தப்பித்துக்கொள்வார். அதற்கு மேல் ஒவ்வொரு காசும் அவர் தலையில்தான்.

இந்தச் சட்டம் ரோமாபுரியிலும், பொதுக் கட்டடங்களுக்கு மட்டுமல்லாமல் தனியார் வீடுகளுக்கும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று விட்ருவியஸ் ஏங்குகிறார். அப்படியானால், கட்டுகிறவர் சொன்ன சொல்லை நம்பி வீட்டில் கைவைத்துச் சொத்தை இழந்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. கணக்கு என்பது கட்டுகிறவர் கொடுக்கும் வாக்குறுதி. அதே வேளையில், எந்தக் கணக்கும் காசு பிசகாமல் அமையாது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்காகத்தான் அந்தக் கால் பங்கு.

அடுத்து, பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸ் நாட்டுக்கு வருவோம். பதினான்காம் லூயி மன்னரிடம் வோபான் என்ற பொறியாளர் இருந்தார். கோட்டைகள் கட்டுவதில் புகழ்பெற்றவர். கோட்டை வேலைகளை யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கே கொடுப்பது அன்றைய வழக்கமாயிருந்தது. 1683-ஆம் ஆண்டில் போர் அமைச்சர் லூவுவா என்பவருக்கு வோபான் ஒரு கடிதம் எழுதினார். வேலைகள் பாதியில் நிற்பதற்கும் இழுத்துக்கொண்டே போவதற்கும் இந்த மிகக் குறைந்த விலைதான் காரணம் என்று அதில் எடுத்துரைத்தார். கட்டுப்படியாகாத விலைக்கு வேலை எடுத்தவன் என்ன செய்வான்? மட்டமான பொருளைப் போடுவான், கூலியைக் குறைப்பான், பொருள் கொடுத்தவர்களுக்குப் பணம் தரமாட்டான், எதற்கெடுத்தாலும் வாதாடுவான். ஆகவே நியாயமான விலை கொடுத்து, தன் வேலையை அறிந்தவரிடம் கொடுப்பதே முடிவில் மலிவு என்பது வோபானின் முடிவு.

மூன்று பேரிடம் விலை கேட்கிறோம். இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே தொகை சொல்ல, மூன்றாமவர் பாதி விலை சொல்கிறார். நம் மனம் மூன்றாமவரிடம் ஓடுகிறது. ஓடும் முன், எதை விட்டுவிட்டு இந்த விலை சொன்னார் என்று கேட்க வேண்டும். சிமெண்டையா, கம்பியையா, கூலியையா?

ஆனால், ஒரு விலை நியாயமானதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கான வழி லண்டன் நகரில் உருவாயிற்று. 1666-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் லண்டனில் பெருந்தீ மூண்டது. சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. பெரும்பாலான வீடுகள் மரத்தால் கட்டப்பட்டவை. மறு ஆண்டு, 1667-இல், ஒரு சட்டம் வந்தது. இனி வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோதான் கட்ட வேண்டும். வீடுகள் நான்கு வகைப்படும். ஒவ்வொரு வகைக்கும் சுவரின் கனம் இவ்வளவு, மாடியின் உயரம் இவ்வளவு என்று அது வரையறுத்தது.

இந்தச் சட்டம் தீயைத் தடுக்க வந்தது. ஆனால் கணக்குக்கும் அது உதவியது. சுவரின் கனமும் உயரமும் தெரிந்துவிட்டால் எத்தனை கல் தேவை என்று கணக்கிடலாம் அல்லவா?

அக்காலத்தில் ஒரு வீட்டைக் கட்ட ஒரே குத்தகைக்காரர் இல்லை. கொத்தனார் தனி, தச்சர் தனி, கூரை போடுகிறவர் தனி. வேலை முடிந்த பிறகு ஒருவர் வந்து அளந்து பார்த்து, இவ்வளவு சுவர், இவ்வளவு மரவேலை, இன்ன விலை என்று தீர்ப்பார். அளந்து விலை போடும் அவரே இன்றைய அளவையாளரின் முன்னோர். ஆனால் இந்த முறையில் ஒரு குறை இருந்தது. வீட்டுக்காரர் தம் செலவை வேலை முடிந்த பிறகுதான் தெரிந்துகொள்வார். சாப்பிட்ட பிறகு விலை கேட்பது போன்றதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. ஒரு கட்டடத்தின் எல்லா வேலைகளையும் ஒரே தொகைக்கு எடுக்கும் பெருங்குத்தகைக்காரர்கள் இங்கிலாந்தில் தோன்றினார்கள். வேலை தொடங்கும் முன்பே விலை சொல்ல வேண்டியிருந்ததால், வரைபடத்தைப் பார்த்தே கல்லையும் மரத்தையும் கணக்கிட வேண்டியதாயிற்று. ஒரே வேலைக்குப் பலர் போட்டியிடும்போது ஒவ்வொருவரும் அதே வரைபடத்தைத் தனித்தனியே அளந்துகொண்டிருந்தார்கள். இது வீண் வேலை என்று உணர்ந்து, எல்லாரும் சேர்ந்து ஒரே அளவையாளரை அமர்த்தினார்கள். அவர் அளந்து ஒரு பட்டியல் போடுவார். அந்தப் பட்டியலுக்கு அவரவர் தம் விலையை எழுதுவார்கள். இதற்குத்தான் அளவுப் பட்டியல் என்று பெயர்.

எளிமையான செயல்தான். ஆனால் கட்டட வரலாற்றில் இது ஒரு பெரிய திருப்பம். எவ்வளவு பொருள் என்பது ஒரு கேள்வி. என்ன விலை என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் பிரித்தவுடன் ஏமாற்று எங்கே நுழைகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால் நமக்கு ஒன்றும் விளங்காது. இத்தனை கல், ஒரு கல்லின் விலை இது என்று பிரித்துச் சொன்னால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகூடச் சரிபார்க்கும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வீட்டில் தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சுவர். பரப்பளவு 18 சதுர மீட்டர். அதில் 0.9 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரத்தில் ஒரு கதவு, அது 1.89 சதுர மீட்டர். 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டரில் ஒரு சன்னல், அது 1.44 சதுர மீட்டர். இரண்டும் சேர்ந்து 3.33. இதைக் கழித்தால் 14.67 சதுர மீட்டர் மிஞ்சும். அரைக் கல் கனமுள்ள சாதாரண மெல்லிய சுவரில், கல்லின் நீளப்பக்கம் வெளியே தெரிய அடுக்கினால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 60 செங்கல் பிடிக்கும். 14.67-ஐ 60-ஆல் பெருக்கினால் 880 கல். உடைவதற்கும் வெட்டுவதற்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 924. ஆக, 925 கல் போதும். இந்தச் சுவருக்கு ஒருவர் 1,500 கல் என்று எழுதியிருந்தால், ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. கோபப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. தாளைக் காட்டிக் கேட்டால் போதும்.

மீண்டும் வரலாற்றுக்கு வருவோம். இந்த அளவையாளர்கள் 1868-இல் லண்டனில் தங்களுக்கென ஒரு கழகத்தை நிறுவினார்கள். ஆளுக்கு ஒரு விதமாக அளந்தால் குழப்பம் வரும் என்று, 1922-இல் எல்லாருக்கும் பொதுவான அளவை விதிகளை வெளியிட்டார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் வழியாக இந்த முறை மலாயாவுக்கும் வந்தது. நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் சட்டம் இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. மலாய் மொழியில் இவர்களை ‘ஜூரு உக்கூர் பாஹான்’ என்கிறோம். பொருளை அளப்பவர் என்று பொருள்.

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் சான்று. 102 மாடிகள் கொண்ட அந்தக் கட்டடம் 1930 மார்ச்சில் தொடங்கி 410 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டு, 1931 மே முதல் நாள் திறக்கப்பட்டது. நிலத்தையும் சேர்த்து 5 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். ஆனதோ சுமார் 4 கோடியே 10 லட்சம் டாலர்தான். எபேசஸ் நகரத்தார் பார்த்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள். ஆனால் அது உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்த காலம். ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்களே, அதே காலம்தான். கட்டடத்தில் குடிவர ஆளில்லை. அறைகள் வெறிச்சோடிக் கிடந்ததால் அதை ‘காலிக் கட்டடம்’ என்று மக்கள் கேலி பேசினார்கள். அது லாபம் காண ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

ஆக, இதைக் கட்ட எவ்வளவு ஆகும் என்ற கேள்வியோடு, இதைக் கட்டுவதால் என்ன பயன், அந்தப் பயன் எப்போது வரும் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்வி செலவு மதிப்பீடு. இரண்டாவது பொருளாதார ஆய்வு.

இந்த ஆய்வு நம் வீட்டுக் கூரைக்கும் பொருந்தும். ஒரு பேச்சுக்கு இரண்டு கூரைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 4,000 வெள்ளி. பத்து ஆண்டு உழைக்கும். மற்றொன்று 7,000 வெள்ளி. முப்பது ஆண்டு உழைக்கும். கையில் எடுக்கும்போது முதலாவது மலிவு. ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு என்று பார்த்தால் முதலாவதற்கு 400 வெள்ளி, இரண்டாவதற்கு 233 வெள்ளி. பணத்தைக் கடன் வாங்கிப் போட்டால் வட்டியையும் சேர்க்க வேண்டும். 5 விழுக்காடு வட்டியில், அந்தந்தக் கூரையின் ஆயுளுக்குள் கடனை அடைப்பதென்றால், முதலாவதற்கு ஆண்டுக்கு 518 வெள்ளியும் இரண்டாவதற்கு 455 வெள்ளியும் ஆகும். இரண்டாவதே நல்லது. வட்டி 8 விழுக்காடானால் முதலாவதற்கு 596, இரண்டாவதற்கு 622. இப்போது தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது! கூரை மாறவில்லை, விலை மாறவில்லை. வட்டி மாறியது, முடிவும் மாறியது. வட்டியைக் கேட்காமல் எது மலிவு என்று சொல்ல முடியாது.

அடுத்து வருவது, எனக்குத் தொழில்முறையில் பிடித்தமான கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பெரும் தட்டுப்பாடு. பல பள்ளிகள் குண்டுவீச்சில் இடிந்தன. 1947-இல் கட்டாயக் கல்வி வயது 14-லிருந்து 15-ஆக உயர்ந்தது. பிள்ளைகள் பெருகினார்கள், பணமோ குறைவு. அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஒரு மாணவனுக்கு இவ்வளவுதான் என்று செலவுக்கு வரம்பு கட்டியது. பிறகு 1951-இல் ஒரு கையேடு வெளியிட்டது. கட்டடத்தை அஸ்திவாரம், சுவர், கூரை, சன்னல், தரை என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு சதுர அடித் தரைக்கு எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்க அது கற்றுக்கொடுத்தது. படத்தை வரைந்துவிட்டு விலை பார்த்த காலம் போய், விலையை வைத்துக்கொண்டு படம் வரையும் காலம் வந்தது. அப்படிப் பார்த்தபோது, நீண்ட நடைவழிகளும் தேவையற்ற உயரமும் பணத்தைத் தின்றது தெரிந்தது. அவற்றைக் குறைத்தார்கள். பிள்ளைகள் படிக்கும் இடத்தைக் காப்பாற்றினார்கள். சிக்கனம் என்றால் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவதன்று. எது முக்கியம் என்று அறிந்து அதை வெட்டாமல் இருப்பது.

இறுதியாக, கணக்கு தவறியதற்குப் புகழ்பெற்ற ஒரு கட்டடம். ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகத்தில், பாய்மரங்கள் விரிந்தாற்போல் நிற்கும் இசைநாடக அரங்கத்தின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1957-இல் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன் என்பவரின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்றைய நாணயத்தில் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 1963-இல் முடியும் என்றார்கள். முடிந்தது 1973-இல். செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர். பதினான்கு மடங்குக்கும் மேல்!

ஏன் இப்படி ஆயிற்று? அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்று தெரியும் முன்பே, 1959-இல், அடிப்பகுதியின் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அரசியல் சூழ்நிலை மாறுவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம். கூரையின் வடிவம் முடிவானபோது, கீழே கட்டிய தூண்கள் அதைத் தாங்கா என்று தெரிந்தது. கட்டியதை எடுத்துவிட்டு மீண்டும் கட்டினார்கள். மனக்கசப்பு முற்றி, 1966-இல் உட்சன் விலகினார். ஆக, அங்கே முதலில் தவறியது கூட்டல் கழித்தல் அல்ல. முழுமையாக வரையாத ஒன்றுக்கு விலை சொன்னார்கள். வரையாததை அளக்க முடியாது. அளக்காததற்கு விலை போட முடியாது.

அந்த அரங்கம் இன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று. அதைக் காண ஆண்டுதோறும் உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். போட்ட பணத்துக்கு மேல் பலமடங்கு அந்நாடு பெற்றுவிட்டது. அப்படியானால் கணக்குத் தவறியது நன்மைதானே என்று சிலர் வாதிடக்கூடும். நேயர்களே, அந்தக் கட்டடத்தின் செலவைச் சமாளிக்க அந்த மாநில அரசு லாட்டரிச் சீட்டு நடத்தியது. செலவில் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. அரசு லாட்டரி நடத்தலாம், வரி போடலாம், பத்தாண்டு காத்திருக்கலாம். ஒரு குடும்பம் என்ன செய்யும்? அரசாங்கம் தாங்கிக்கொள்ளும் தவற்றை ஒரு தொழிலாளியின் குடும்பம் தாங்காது. கணக்கு பணக்காரர்களின் சமாச்சாரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், கணக்கு அதிகமாகத் தேவைப்படுவது மிச்சமில்லாதவனுக்குத்தான்.

ஆகவே, வீடு கட்டவோ, வீட்டைப் பெரிதாக்கவோ, தோட்டத்துக் கோயிலுக்குத் திருப்பணி செய்யவோ எண்ணுகிறவர்கள் இந்த வரலாற்றிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். வரைபடம் முழுமையாகும் முன் வேலையைத் தொடங்காதீர்கள், சிட்னியை நினைத்துக்கொள்ளுங்கள். அளவையும் விலையையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் வோபானின் கேள்வியைக் கேளுங்கள். கையிலுள்ள பணம் முழுவதற்கும் திட்டம் போடாமல், எபேசஸ் சட்டத்தைப் போல ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். முடித்த வேலைக்கு மட்டுமே பணம் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

பெற்றோர்களுக்கு இன்னொரு சொல். பரப்பளவும் விழுக்காடும் சோதனைக்காக மட்டும் படிக்கும் பாடங்கள் அல்ல. நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பொருள் அளவைத் துறை தனிப் படிப்பாகவே இருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை வீட்டில் இருந்தால், மருத்துவம், சட்டம் என்று மட்டும் பார்க்காமல் இந்தத் துறையையும் அறிமுகப்படுத்துங்கள்.

இன்று இரவே ஒன்று செய்யுங்கள். வீட்டிலுள்ள பிள்ளையைக் கூப்பிட்டு, அளவு நாடாவைக் கையில் கொடுத்து, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த அறையின் சுவருக்கு எத்தனை கல் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கதவையும் சன்னலையும் கழிக்க மறந்துவிடுகிறதா என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.